பாதரின் கடிதத்தோடு வந்த பிறீசர்

“இந்தப் பிறீசருக்கு அனுமதி எடுத்தனீங்களா, அஞ்சலாக்கா?” என்று ஜவாஹிர் நானா கேட்டார்.

“ஓம், எடுத்தனான்.”

“ஆரிட்ட?”

“பாதரிட்ட.”

ஜவாஹிர் நானா எங்கள் தொடர்மாடிக் குடியிருப்போர் சங்கத்தின் செயலாளர். நான் கூட்டக் குறிப்பு எழுதுபவள். மெயின் சுவிச் அடிக்கடி விழுந்து மின்சாரம் நின்றதால், யாருடைய சாமான் காரணமென்று வீடுவீடாகப் பார்த்துக்கொண்டு வந்தோம். அஞ்சலாக்கா நீட்டிய கடிதத்தை அவர் இரண்டு தரம் வாசித்துவிட்டு என்னிடம் தந்தார். மீன் உறையவைக்கும் அந்தப் பிறீசரை மந்திரித்து ஆசீர்வதித்ததாகவும், அதை வைப்பதில் தமக்கு ஆட்சேபனை இல்லையென்றும் பங்குத்தந்தை எழுதியிருந்தார்.

“இதை எங்கட கடிதக் கோவையில எங்க வைக்கிறது, பிள்ளை?”

நான் அதைக் குறிப்புப் புத்தகத்துக்குள் செருகினேன்.

“ஹஜ்ஜுப் பெருநாளுக்கு உங்கட குர்பான் இறைச்சியை எங்க வச்சனீங்கள், நானா? அப்ப அனுமதியைக் கேக்கேல்லையே?” என்றார் அஞ்சலாக்கா.

“அது... அவசரத்துக்கு.”

அஞ்சலாக்கா விடத்தல்தீவுக்காரி. அங்கே கரையில் மீனவர் குடிசையான வாடி போடவும் வேலிச் சண்டை தீரவும் பாதரின் கடிதம் போதும். மகளின் படிப்புக்காக மன்னார் நகரத்துக்கு வந்தபோதும் அவர் அதையே செய்தார். தம்பி அனுப்பும் நண்டைத் துப்புரவாக்கி, பிறீசரில் வைத்து விற்பதுதான் பிழைப்பு.

ஆங்கில விதிப் புத்தகத்தை வாசித்துச் சொல்வது என் வேலையாயிற்று. பெரிய மின்சாதனம் கொண்டுவருமுன் சங்கத்தின் அனுமதியை எழுத்தில் பெற வேண்டும் என்றிருந்தது. பிறீசர் வந்தது தை மாதம். சங்கம் தொடங்கியது மாசியில். அப்படியென்றால் அவர் யாரிடம் கேட்டிருக்க வேண்டும்? முன்னும் பின்னும் புரட்டிப் பார்த்தேன். அடுத்த சங்கக் கூட்டத்தில் ஒருவர் கட்டடக்காரரிடம் என்றார், இன்னொருவர் நகரசபையிடம் என்றார். கடைசியில், பிறீசர் வருமுன் சங்கத்துக்கு எழுதிய விண்ணப்பத்தைக் காட்டாவிட்டால் ஞாயிறுக்குள் அதை அகற்ற வேண்டும் என்று முடிவெடுத்தார்கள். கை உயர்த்தியவர்களில் மூவரின் மீன் அந்தப் பிறீசருக்குள்தான் இருந்தது. தீர்மானத்தை எழுதியது நான்.

சனிக்கிழமை காலை அஞ்சலாக்கா என் கதவைத் தட்டினார்.

“பிறீசர் போனா நாங்களும் ஊருக்குப் போகவேண்டியதுதான், பிள்ளை. மகளுக்கு வாற வருசம் சோதினை. ஒரு விண்ணப்பம் எழுதித் தா. சங்கத்துக்கெண்டு எழுது, தை மாதத் திகதி போடு.”

“தையில சங்கமே இல்லையே, அக்கா.”

“அதுதான் எனக்கும் விளங்கேல்ல. நீ தமிழ், இங்கிலீசு ரெண்டு பாசையிலயும் எழுதித் தா. ஏதாவது ஒண்டிலயாவது சரியா வரும்.”