பத்து நாள் கொட்டகை

தங்கச் சுரங்கத்தில் ஷிப்ட் முடிந்து, ஆட்களை ஏற்றி இறக்கும் கேஜில் மேலே வந்து நின்றபோது, ஆம்பூரிலிருந்து மச்சான் போட்ட கார்டை மேஸ்திரி என் கையில் கொடுத்தார். என் மனைவி முதல் பிரசவத்துக்குத் தாய்வீடு போயிருந்தாள். பெண் பிறந்து மூன்று வாரம் ஆகியும் நான் இன்னும் போய்ப் பார்க்கவில்லை. மச்சான் நாலே வரி எழுதியிருந்தார்: குழந்தைக்குக் காய்ச்சல். பால் குடிக்க மாட்டேன் என்கிறது. தங்கை அழுதுகொண்டே இருக்கிறாள். உடனே புறப்பட்டு வரவும்.

மேலெல்லாம் ஒட்டியிருந்த பாறைத் தூசியைக்கூடக் கழுவாமல் மாரிகுப்பம் ஸ்டேஷனுக்கு ஓடினேன். ரயில் கிளம்ப ஒரு மணி நேரம் இருந்தது. அந்த ஒரு மணி நேரமும் நான் உட்காரவில்லை; தண்டவாளத்தோரம் நடந்துகொண்டே இருந்தேன். பங்காருபேட்டையில் வண்டி மாறும்போதும் அப்படித்தான். இயல்பிலேயே நான் பொறுக்காதவன். உலையில் அரிசி வேகிற நேரத்துக்குள் நாலு தரம் மூடியைத் திறந்து பார்ப்பேன் என்று மனைவி சொல்லிக் காட்டுவாள்.

அது பெங்களூர்ப் பக்கமெல்லாம் பிளேக் பரவியிருந்த காலம். மைசூர் சீமையிலிருந்து வருகிறவர்களை ஜோலார்பேட்டையில் இறக்கி, வரிசையில் நிறுத்திப் பரிசோதித்தார்கள். வெள்ளைக்கார டாக்டர் என் கழுத்தைத் தடவினார். பிறகு கையைத் தூக்கச் சொல்லி அக்குளில் விரலை வைத்து அழுத்தினார். உயிர் போகிற வலி. போன வாரம் பாறையில் துளை போடும்போது கூட்டாளியின் சம்மட்டி நழுவி என் இடது கையில் விழுந்திருந்தது. அந்தப் புண் சீழ்பிடித்து, அக்குளில் நெறி கட்டியிருந்தது.

“அக்குள்ல கட்டி கீதுப்பா, பிளேக்கா இருக்கலாம். நீ ஊருக்குப் போக முடியாது,” என்றார் கம்பவுண்டர்.

“சாமி, இது கைப்புண்ணால வந்த நெறி. பாருங்க, சீழு கீது. என் கொயந்த சாவக் கெடக்குது சாமி. ஆம்பூரு இதோ, இங்கதான கீது.”

அவர் டாக்டரிடம் ஏதோ சொன்னார். டாக்டர் என் கையைக் கூர்ந்து பார்த்துவிட்டு, முடியாது என்று தலையை ஆட்டினார்.

“பத்து நாளு கொட்டகையில இருக்கணும். அதுக்குள்ள காய்ச்சல் வரலன்னா உட்டுடுவாங்க,” என்றார் கம்பவுண்டர்.

ஸ்டேஷனுக்குச் சற்றுத் தள்ளி ஒரு பொட்டலில் ஓலைக் கொட்டகைகள் போட்டு, சுற்றிலும் முள்வேலி அடைத்திருந்தார்கள். ஆம்பூருக்குப் போகும் வண்டிகள் வேலிக்கு அந்தப் பக்கமாகவே போயின. ஒவ்வொரு வண்டி ஊதும்போதும் எழுந்து போய் வேலியோரம் நின்றேன். கம்பவுண்டரின் காலில் விழுந்தேன். மச்சானுக்கு ஒரு வரி எழுதிப் போடச் சொல்லிக் கேட்டேன். கொட்டகையிலிருந்து கடிதம் வெளியே போகக் கூடாது என்றார்கள்.

நாலாம் நாள் மத்தியானம், காவல்காரர்கள் சாப்பிட உட்கார்ந்த நேரம் பார்த்து வேலியைத் தாண்டினேன். முள் வேட்டியைக் கிழித்தது. ஆம்பூர் வழியில், வாணியம்பாடிப் பக்கமாகத் தண்டவாளத்தை ஒட்டி ஓடினேன். இரண்டு மைல்கூடப் போயிருக்க மாட்டேன். ரயில்வே கேட்டில் நின்றிருந்த போலீஸ்காரன் கிழிந்த வேட்டியையும் கட்டுப் போட்ட கையையும் பார்த்து என்னை மடக்கிவிட்டான்.

கம்பவுண்டர் தலையில் அடித்துக்கொண்டார். “இன்னா வேல பண்ண! வெளியில போயி யார் யாரத் தொட்டியோ. இன்னியிலேர்ந்து மறுபடியும் பத்து நாளு.”

அந்தப் பத்து நாள் எப்படிப் போயிற்று என்று எனக்குச் சரியாக நினைவில்லை. புண் ஆறியது, நெறி வடிந்தது.

என்னை விட்ட அன்றே ஆம்பூர் போய்ச் சேர்ந்தேன். வாசலில் என்னைக் கண்டதும் மாமியார் மார்பில் அடித்துக்கொண்டு அழுதார்.

“முந்தாநாளு காலையில வரிக்கும் உசுரு இருந்துதே மாப்ள! ஒரு தபா மூஞ்சியப் பாத்திருக்கலாமே!”

நின்றபடியே விரல்விட்டு எண்ணினேன். வேலியைத் தாண்டாமல் இருந்திருந்தால், குழந்தை இறப்பதற்கு முந்தின நாளே அந்த வாசலுக்கு வந்திருப்பேன். அதை அங்கே யாரிடமும் சொல்லவில்லை. கொட்டகையில் பிடித்து வைத்துவிட்டார்கள் என்று மட்டும் சொன்னேன். மனைவி சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள், திரும்பவே இல்லை.

சில நாள் கழித்து அவளை அழைத்துக்கொண்டு கிளம்பினேன். பங்காருபேட்டையில் மறுபடியும் வரிசை. வெளியூரிலிருந்து சுரங்கத்துக்கு வருகிறவர்கள் இங்கேயும் பத்து நாள் தங்க வேண்டும் என்றார்கள். மூட்டையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனேன். ஆண்கள் பக்கத்துக்கும் பெண்கள் பக்கத்துக்கும் நடுவில் ஒரு மூங்கில் தட்டிதான் மறைப்பு. காலையில் எழுந்து எல்லோருக்குமாகத் தண்ணீர் தூக்கினேன். வண்டிகள் ஊதிக்கொண்டு போயின. நான் எழுந்து பார்க்கவில்லை.

எங்களோடு, எங்கள் ஊர்ப் பக்கத்துப் பாலகாட் சுரங்கத்து ஆள் ஒருவன் இருந்தான். அவன் அம்மா அங்கே சாகக் கிடப்பதாகச் செய்தி. ஆறாம் நாள் அவன் வேலியில் இருந்த இடைவெளியையே பார்த்துக்கொண்டிருந்தான். திடீரென்று எழுந்து ஓடினான். நான் பாய்ந்து அவன் இடுப்பைக் கட்டிக்கொண்டேன்.

“உடுய்யா! உனக்கு இன்னா தெரியும்?” என்று என் கன்னத்தில் அறைந்தான்.

பிடியை விடாமலே அவனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். நான் வேலி தாண்டியது, பிடிபட்டது, பத்து நாள் மறுபடி முதலிலிருந்து தொடங்கியது, குழந்தை போன நாள். வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை. அவன் தரையில் உட்கார்ந்தான். அப்போதுதான் தட்டிக்கு அந்தப் பக்கத்திலிருந்து மனைவியின் குரல் வந்தது.

“நீங்க ஓடிப்போனீங்களா?”

“ஆமா.”

“ஓடலன்னா பாப்பா இருக்கச்சியே வந்திருப்பீங்க.”

“ஆமா.”

பிறகு கேட்டாள்: “மூணு நாளு பொறுத்தவரு, இன்னும் ஏழு நாளு பொறுத்திருக்கக் கூடாதா?”

குழந்தையைப் பார்க்கத் துடித்துத்தான் ஓடினேன் என்று சொல்லியிருக்கலாம். அது உண்மைதான். ஆனால் அவள் கேட்டதற்கு அது பதில் இல்லை.

பாலகாட்காரன் பத்து நாளும் இருந்துவிட்டுப் போனான். அவன் போனபோது அம்மா உயிரோடு இருந்தாளா என்று எனக்குத் தெரியாது. விசாரிக்கப் பயந்து அந்தப் பக்கமே போகாமல் இருந்தேன்.

நாங்களும் மாரிகுப்பத்துக்கு வந்து சேர்ந்தோம். அவள் சமைத்தாள், சோறு போட்டாள். என்னோடு பேசவில்லை. பழைய ஆளாக இருந்தால் இரண்டாம் நாளே கத்தியிருப்பேன், இல்லை காலைப் பிடித்திருப்பேன். இப்போது ஷிப்டுக்குப் போனேன், வந்தேன், அவள் எதிரில் உட்கார்ந்தேன். குழந்தை யார் சாடையில் இருந்தது என்று தினமும் கேட்கத் தோன்றும். கேட்கவில்லை. மழைக்காலம் வந்து போயிற்று.

ஒரு ஞாயிற்றுக்கிழமை முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தவள், தலை நிமிராமலே சொன்னாள்: “காது ரெண்டும் உங்க அம்மாவோடது. நெத்தி என்னோடது. விரல நீட்டுனா புடிச்சிக்கும், உடாது.”

நான் அவள் பக்கத்தில் உட்கார்ந்து அரிசியில் கல் பொறுக்கினேன். இன்னும் சொல்வாள் என்று இருந்தேன். அன்றைக்கு அவ்வளவுதான் சொன்னாள்.