சந்தானம் சாரின் பதினான்காவது பத்தி

சந்தானம் சார் இறந்த செய்தி எனக்கு மடலில் வரவில்லை. இந்தக் குழுமத்தில் இருக்கும் உங்களில் யாருக்கும் வந்திருக்காது. போன ஞாயிறு காலை எங்கள் மண்டி வாசலில் விருதுநகர் லாரிக்கு மிளகாய் மூட்டை ஏறிக்கொண்டிருந்தது. எதிர்த்த டீக்கடைக்காரர் கையைத் துடைத்துக்கொண்டே வந்து, "ஒங்க எதிராளி போயிட்டாரு மொதலாளி" என்றார். யார் என்று நான் கேட்கவில்லை. ராமநாதபுரத்தில் எனக்கு எதிராளி என்று ஊரறிய ஒருவர்தான் இருந்தார்.

அழுகை வரவில்லை. "எப்ப எடுக்காக?" என்று மட்டும் கேட்டேன். நாளைக்கு என்றார். மிச்ச மூட்டையை ஏற்றச் சொன்னேன். இதை மறைக்காமல் எழுதுகிறேன். வராத கண்ணீரை இங்கே வரவழைத்துக் காட்டினால், அதைப் படித்து முதலில் சிரிப்பவர் சந்தானம் சாராகத்தான் இருப்பார்.

நேரில் பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். ஒல்லியான ஆள். வெள்ளை அரைக்கைச் சட்டை, பையில் இரண்டு பேனா. டெலிபோன் எக்சேஞ்சில் முப்பது வருஷத்துக்கு மேல் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஒரு மிளகாய்ச் செடிகூட நட்டதில்லை. அபிராமத்துப் பக்கம் அவருடைய அண்ணன் குடும்பம் விவசாயம் பார்த்தது, அவ்வளவுதான் சம்பந்தம். ஓய்வுப் பணத்தில் ஒரு கம்ப்யூட்டர் வாங்கி முன்னறையில் வைத்து, 'குண்டு மிளகாய்க் குழுமம்' என்று இந்த மின்னஞ்சல் குழுமத்தைத் தொடங்கினார். மிளகாய் போடும் சம்சாரிகள், வெளிநாட்டில் இருக்கும் அவர்களுடைய பிள்ளைகள், எங்களைப் போன்ற மண்டிக்காரர்கள், எல்லாரும் ஒரே இடத்தில் எழுதலாம், கேட்கலாம், சண்டை போடலாம். நான் சேர்ந்தது அடுத்த மண்டியில் என்ன விலை போகிறது என்று வேவு பார்க்கத்தான். சமூக சேவை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

சேர்ந்த முதல் நாளே மோதல். நான் பெயர் போடாமல் ஒரு மடல் எழுதினேன். திருப்பி அனுப்பிவிட்டார். போன் போட்டுக் கேட்டேன்.

"ஏன் சார், என்ன தப்பா எழுதிட்டேன்?"

"தப்பு சரி பாக்குறது என் வேலை இல்ல பாண்டி. மேல பேரு, மார்க்கு இல்லாத மூட்டைய நீ ஏத்துவியா?"

"ஏத்த மாட்டேன்."

"பின்ன? நானும் ஏத்த மாட்டேன்."

படக்கென்று போனை வைத்துவிட்டார். சரக்கை வைத்தே என்னை மடக்கியவர் அதற்கு முன் யாரும் இல்லை. எனக்கு அது பிடிக்கவில்லை.

கம்ப்யூட்டர் இல்லாதவர்களுக்கு அவர் ஒரு வழி வைத்திருந்தார். குழுமத்துக்கு வந்த மடல்களைத் தினமும் காலையில் அச்செடுத்து, சுருட்டி, நூல் கட்டி, அபிராமம் பஸ்ஸிலும் ஆர்.எஸ்.மங்கலம் பஸ்ஸிலும் கண்டக்டர் கையில் கொடுத்து அனுப்புவார். அங்கே டீக்கடையில் ஒருவர் சத்தமாகப் படிப்பார், மற்றவர்கள் கேட்பார்கள். வந்த மடலில் ஒரு எழுத்தைக்கூட இவர் கூட்டவும் மாட்டார், குறைக்கவும் மாட்டார். "வந்தது வந்தபடி" என்பார். அதை ஒரு பெருமை போலச் சொல்வார்.

அவருடைய இன்னொரு பழக்கம் நீளமான அறிவிப்பு. சர்வரில் ஒரு சின்ன மாற்றம் என்றாலும் ஏழு பக்கம், எட்டுப் பக்கம், பத்திக்கு நம்பர் போட்டு எழுதுவார். எக்சேஞ்சில் சுற்றறிக்கை எழுதிப் பழகிய கை. நாங்கள் ஒருவரும் படித்ததில்லை. அவருடைய அறிவிப்பு வந்தால் மண்டியில் எல்லாரும், "சந்தானம் சார் பஞ்சாங்கம் வந்திருச்சு" என்று சொல்லிவிட்டு அடுத்த மடலுக்குப் போய்விடுவோம்.

மூன்று வருஷத்துக்கு முன், மாசி மாதம், வரத்து உச்சத்தில் இருந்த நேரம். மதுரையில் சர்வர் வைத்திருந்தவர்கள் பழைய மிஷினைத் தூக்கிவிட்டுப் புது மிஷினில் குழுமத்தை ஏற்றினார்கள். வழக்கம்போலப் பஞ்சாங்கம் வந்தது. வழக்கம்போல நான் படிக்கவில்லை. அதுவரை ஒரு மடலுக்குப் 'பதில்' என்று அழுத்தினால் எழுதியவருக்கு மட்டும் போகும். புது மிஷினில் அது எல்லாருக்கும் போகும்படி மாறியிருந்தது.

எங்கள் தொழிலில் கையில் துண்டைப் போட்டு, துண்டுக்குள் விரலைப் பிடித்து விலை பேசுவது பழைய முறை. சுற்றி நூறு பேர் நிற்கலாம், விலை இரண்டு பேருக்குத்தான் தெரியும். தனி மடலையும் நான் அந்தத் துண்டாகத்தான் நினைத்திருந்தேன். விருதுநகர் கமிஷன் கடைக்காரர் ஒருவர் குழுமத்தில் வரத்து பற்றிக் கேட்டிருந்தார். அவருக்கு மட்டும் என்று நினைத்து நான் எழுதிய பதில் இது:

'பத்து நாள் யாரும் கை வைக்க வேண்டாம். அபிராமம் பக்கத்து ஆட்களுக்குச் சரக்கை வைக்க இடம் இல்லை. மேகம் வேறு போடுகிறது. தானாக இறங்கி வருவார்கள். கண்ணுச்சாமி மகளுக்குக் கல்யாணம் வைத்திருக்கிறான், அவன்தான் முதலில் வருவான்.'

எழுநூறு பேருக்குப் போனது. மறுநாள் காலை அச்சாகி, நூல் கட்டி, பஸ் ஏறியது.

கண்ணுச்சாமி எனக்குப் பதினைந்து வருஷமாகச் சரக்குப் போடும் சம்சாரி. மத்தியானம் அந்தத் தாளோடு மண்டிக்கு வந்தார். சத்தம் போடவில்லை. என் கணக்குப்பிள்ளை நாற்காலி எடுத்துப் போட்டதற்கு உட்காரவும் இல்லை.

"மொதலாளி, எம் மக கல்யாணத்துக்கு ஒங்களுக்கும் பத்திரிகை வச்சேன்."

"ஆமா கண்ணுச்சாமி."

"தேதிய அதுல பாத்துத்தான் எழுதுனீகளா?"

தாளை மடித்து என் மேஜையில் வைத்துவிட்டுப் போனார். அந்த வருஷம் அபிராமம் பக்கமிருந்து ஒரு சாக்கு என் மண்டிக்கு வரவில்லை. பதினாறு வயதில் கரி மூட்டை சுமந்து தொடங்கி, ஒவ்வொரு ஊராகப் போய் நின்று சம்பாதித்த பெயர். ஒரு தாள் அதைக் கொண்டுபோய்விட்டது.

நேராகச் சந்தானம் சார் வீட்டுக்குப் போனேன். அவர் மிஷின் முன்னால் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் அவர் மனைவி ராஜேஸ்வரி அக்கா முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்கள்.

"சார், துண்டுக்குள்ள பேசுனத ஊருக்குக் காட்டலாமா?"

"துண்ட உருவுனது மிஷினு. சாயங்காலத்துக்குள்ள அதைப் பழையபடி மாத்திருவேன். ஆனா உள்ள இருந்த வெரலு ஒன்னோடதுதான பாண்டி?"

"அச்செடுக்கும்போது படிச்சீகளா இல்லையா?"

"படிச்சேன்."

"படிச்சுமா அனுப்புனீக?"

"வந்தது வந்தபடி."

"சரி, போனது போச்சு. பழைய மடலெல்லாம் சேத்து வச்சிருக்கீகல்ல, அதுலருந்து அதை அழிங்க."

"அழிக்க மாட்டேன். அழிச்சா நீ எழுதவே இல்லேன்னு ஆயிரும். கண்ணுச்சாமி பொய் சொல்றான்னு நாளைக்கு நீயே சொல்லுவ. புது மிஷினுல கொஞ்ச நாளைக்குத் தனி மடல் எழுதாதீங்கன்னு அறிவிப்புல எழுதித்தான இருந்தேன்? பதினாலாவது பத்தி. படிச்சியா?"

"ஒங்க பஞ்சாங்கத்த எவன் சார் படிப்பான்!"

ராஜேஸ்வரி அக்கா கீரையிலிருந்து தலையைத் தூக்காமல், "நான் அதைத்தான் தம்பி அஞ்சு வருசமா சொல்றேன்" என்றார்கள். அந்த வீட்டில் என் பக்கம் பேசிய ஒரே குரல் அதுதான்.

நான் வீட்டுக்கு வந்ததும் அவரைப் பற்றிக் குழுமத்துக்கு ஒரு மடல் எழுதினேன். வேறொரு மண்டியில் காசு வாங்கிக்கொண்டு, வேண்டுமென்றே என் மடலை ஊருக்கு விட்டார் என்று எழுதினேன். இன்னும் மோசமாகவும் எழுதினேன். அது குழுமத்தில் வரவில்லை. ஒருவர் மீது குற்றம் சாட்டும் மடல் என்றால் மட்டுறுத்துநர், அதாவது சந்தானம் சார், நிறுத்திவைத்து, எழுதியவரிடம் ஒரு முறை கேட்டுவிட்டுத்தான் விடுவார். அது குழுமத்து விதி. எனக்கு அது தெரியாது. அதுவும் ஏதோ ஒரு பத்தியில் இருந்திருக்கும். "என் மடலை அமுக்கிட்டான், குட்டு வெளிப்பட்டுரும்னு பயம்" என்று கடை கடையாகச் சொன்னேன். உங்களில் பல பேரிடம் நானே சொல்லியிருக்கிறேன்.

இரண்டு வாரம் கழித்து மதுரைக்கு வேறு வேலையாகப் போனபோது அந்த சர்வர்காரர்களைப் பார்த்தேன். புது மிஷினில் ஏற்றிய எல்லாக் குழுமத்துக்கும் அதே கோளாறு வந்ததாகச் சொன்னார்கள். ஆன்மிகக் குழுமம் ஒன்றில் மாமியார் மருமகள் சண்டையே வெளியே வந்ததாம். ஆக, சந்தானம் சார் காசு வாங்கினார் என்று நான் எழுதியது பொய். அன்றைக்கே எனக்குத் தெரியும். ஊர் திரும்பி ஒருவரிடமும் சொல்லவில்லை. வியாபாரத்தில் நஷ்டப்பட்டவன் தன் தப்பையும் ஒத்துக்கொண்டால் அப்புறம் எழுந்திருக்க முடியாது என்று நினைத்தேன்.

மறு வருஷம் உத்தரகோசமங்கையில் திருவாதிரைக்குப் போனபோது கூட்டத்தில் சந்தானம் சார் எதிரே வந்தார். நான் வேறு பக்கம் திரும்பினேன். அவர் விடவில்லை.

"ஏலே பாண்டி, நில்லு. ஒன் மடல் எங்கிட்டதான் கெடக்கு. அனுப்பவா, கிழிக்கவா? ஒரு வார்த்தை சொல்லு."

"ஒங்க இஷ்டம்."

"என் இஷ்டத்துக்கு நான் ஒண்ணும் பண்றதில்ல. மடல் ஒன்னோடது."

"அப்ப கெடக்கட்டும்."

"கெடக்கட்டும்னா கெடக்கும்" என்றார். அப்புறம் என் கையில் கொஞ்சம் திருநீற்றைக் கொட்டிவிட்டுக் கூட்டத்தோடு போய்விட்டார். அவரோடு நான் பேசிய கடைசிப் பேச்சு அது. அதற்குப் பிறகு பஸ் நிலையத்தில், பாங்கில் எத்தனையோ முறை எதிரில் பார்த்தும் நான் பேசவில்லை. அவரும் அறிவிப்பை நிறுத்தவில்லை.

புதன்கிழமை காலை ராஜேஸ்வரி அக்கா போன் செய்தார்கள்.

"தம்பி, துபாயிலருந்தும் சிங்கப்பூரிலருந்தும் ஆளாளுக்குக் கூப்புடுறாக. துக்கம் விசாரிச்சு எழுதுன மடல் ஒண்ணுமே வரலையாம். எனக்கு இந்த மிஷின் தெரியாது. பாஸ்வேர்டு டைரியில எழுதி வச்சிருக்காக. நீங்க வந்து பாருங்க."

"அக்கா, நானா? வேற ஆளே இல்லையா?"

"வேற ஆளுக பூராம் கடலுக்கு அங்கிட்டு இருக்காக. நீங்கதான் நடந்து வர்ற தூரத்துல இருக்கீக."

வேறு எந்தக் காரணமும் இல்லை. யாரும் இதில் விதியைத் தேட வேண்டாம்.

போய் உட்கார்ந்தேன். டைரியைப் பார்த்து உள்ளே நுழைந்தேன். இருநூற்றுச் சொச்சம் மடல்கள் அனுமதிக்காகக் காத்திருந்தன. எப்படி விடுவிப்பது என்று தெரியவில்லை. அதற்காக, வேறு வழியில்லாமல், அவர் இறப்பதற்கு மூன்று நாள் முன் போட்ட கடைசி அறிவிப்பைத் திறந்தேன். சர்வரை மறுபடியும் புதுப்பித்திருந்தார்கள். ஒன்பது பக்கம். எட்டு வருஷத்தில் அவருடைய அறிவிப்பை முதல் வரியிலிருந்து நான் படித்தது அன்றுதான். பதினான்காவது பத்தி இது:

'முன்பு ஒருமுறை புது மிஷினில் ஏற்றியபோது, நான் சோதித்துப் பார்க்காமல் திறந்துவிட்டேன். அதனால் உறுப்பினர் ஒருவரின் தனி மடல் எல்லாருக்கும் போய், அவருக்குப் பெரிய நஷ்டம் வந்தது. தவறு என்னுடையது. ஆகவே ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் ஏழு நாளைக்கு எல்லா மடலும் என் கண் வழியாகவே போகும். தாமதத்தைப் பொறுத்துக்கொள்ளவும்.'

முந்தைய அறிவிப்பைத் தேடி எடுத்தேன். அதிலும் இருந்தது. அதற்கு முந்தையதிலும் இருந்தது. என் மடல் போன அந்த வாரத்துக்குப் பிறகு அவர் போட்ட அறிவிப்பு ஒவ்வொன்றிலும், அதே எண்ணில், அதே பத்தி. எழுநூறு பேர் முன்னால் திரும்பத் திரும்ப என்னிடம் தவறை ஒப்புக்கொண்டிருக்கிறார். நான் படிக்கவில்லை. நீங்களும் படிக்கவில்லை, படித்திருந்தால் ஒருவராவது என்னிடம் சொல்லியிருப்பீர்கள்.

எனக்குக் கோபம்தான் வந்தது. இப்போதும் இருக்கிறது. திருவிழாவில் கையைப் பிடித்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். அதைப் பதினான்காவது பத்தியில் எழுதுவாரா ஒரு மனிதர்? அச்சடிக்கும் முன் ஒரு போன் போட்டு, "பாண்டி, இப்படி ஒண்ணு வந்திருக்கு" என்று கேட்டிருக்கலாம். அதை நான் இன்றும் மன்னிக்கவில்லை.

மடல்களை ஒவ்வொன்றாக விடுவித்தேன். மத்தியானம் ஆகிவிட்டது. துபாயிலிருந்து கண்ணுச்சாமியின் மகன் எழுதியதும் அதில் இருந்தது. 'அப்பா சொல்லச் சொன்னார், தாளை இனி யார் பஸ்ஸில் அனுப்புவார்கள்?' என்று ஒரே வரி. வரிசையின் அடியில், எல்லாவற்றுக்கும் பழையதாக, என்னுடைய மடல். மூன்று வருஷமாக, கிடக்கட்டும் என்று நான் சொன்ன இடத்திலேயே கிடந்தது. பக்கத்திலேயே 'அழி' என்று பொத்தான். சேமித்த மடல்களில் கண்ணுச்சாமியைப் பற்றி எழுதியதும் அப்படியே இருந்தது. அதற்கும் அந்தப் பொத்தான் உண்டு. மூன்று வருஷத்துக்கு முன் நான் கேட்டது இப்போது என் விரலுக்குக் கீழே இருந்தது. ராஜேஸ்வரி அக்கா அடுக்களையில் இருந்தார்கள். பார்க்க ஆள் இல்லை.

கண்ணுச்சாமியைப் பற்றிய முதல் மடல் அங்கேயே இருக்கிறது. வேண்டுபவர்கள் படித்துக்கொள்ளலாம், அதை எழுதியவன் நான். இரண்டாவதை இன்று அனுப்பிவிட்டேன். இந்தக் கட்டுரைக்கு அடுத்தபடியாக உங்களுக்கு வரும். அதில் சந்தானம் சாரைப் பற்றி எழுதியிருப்பது பொய். பொய் என்று எனக்குத் தெரிந்து மூன்று வருஷம் ஆகிறது.

நாளையிலிருந்து நான் அச்செடுக்கும் தாள் அபிராமம் பஸ்ஸிலும் ஆர்.எஸ்.மங்கலம் பஸ்ஸிலும் வரும். முதல் சுருளில் இந்தக் கட்டுரையும் அந்த மடலும் இருக்கும். டீக்கடையில் படிப்பவர் சத்தமாகவே படிக்கட்டும்.

சார், நீங்கள் கேட்ட ஒரு வார்த்தை: அனுப்பியாச்சு. வந்தது வந்தபடி. போய் வாருங்கள்.