பைலுக்கும் ஒரு பண்டல் நம்பர்

ஜெர்லின் எங்கள் பனியன் கம்பெனியின் பேட்டர்ன் ரூமுக்கு வந்த முதல் நாளே முதலாளி அவளுக்கு ஜன்னலோர சீட்டைக் கொடுத்தார். பதினான்கு வருடமாக நான் கேட்டும் கிடைக்காத சீட் அது. எனக்கு வயிறு எரிந்தது. இதை எழுதும்போதும் கொஞ்சம் எரிகிறது.

டி-ஷர்ட்டின் முன்பக்கம், பின்பக்கம், கை என்று கம்ப்யூட்டரில் வரைவது பேட்டர்ன். துணி வீணாகாமல் அவற்றை நெருக்கி அடுக்குவது மார்க்கர். அது பிரிண்ட் ஆகி வந்தால்தான் கட்டிங் மாஸ்டர் துணியில் கை வைப்பார். எங்கள் பழைய சாஃப்ட்வேரில், பேட்டர்ன் எந்த போல்டரில் இருக்கிறது என்ற விலாசத்தை மட்டும் மார்க்கர் குறித்து வைத்துக்கொள்ளும். பேட்டர்னை இடம் மாற்றினால் பைல் காணோம் என்று கைவிரித்துவிடும்.

தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்த ஜெர்லின் சொன்னாள் என்று முதலாளி புது சாஃப்ட்வேர் வாங்கினார். "சரஸ்வதி, அந்தப் புள்ளகிட்டக் கேட்டுப் பழகிக்குங்க" என்றார். நான் அவளிடமா கேட்பேன்?

ரூமுக்கு ஒரு இன்சார்ஜ் போடப்போவதாகப் பேச்சு வந்தது. நானா அவளா என்பதுதான் கேள்வி. அந்த வாரம் பெரிய ஆர்டர் ஒன்றின் மார்க்கரை ஜெர்லின் புது சாஃப்ட்வேரில் போட்டு முடித்தாள். மறுநாள் காலை கட்டிங். அவள் டீக்குப் போன நேரத்தில் சர்வரில் அவளுடைய பேட்டர்ன் போல்டரை கட் செய்து, என் போல்டருக்குள் இருந்த 'பழசு' என்ற போல்டரில் பேஸ்ட் செய்தேன். பழையதில் போலவே மார்க்கர் திறக்காது, முதலாளி அவளைத் திட்டுவார், நான் தேடிக் கண்டுபிடித்ததுபோல் எடுத்துக் கொடுப்பேன். இதுதான் திட்டம்.

காலையில் கட்டிங் மாஸ்டர் வந்து நின்றார். "ஏனுங்க, துணி விரிச்சாச்சுங்க. மார்க்கர் வருமுங்களா?" முதலாளியும் பின்னாலேயே வந்தார். ஜெர்லின் மார்க்கரைத் திறந்தாள். ஒரு பீஸ் குறையாமல் திறந்தது. மேலே பேட்டர்ன் இருக்கும் இடமும் தெரிந்தது: சரஸ்வதி, பழசு.

புது சாஃப்ட்வேர் விலாசத்தை நம்பவில்லை. ஒவ்வொரு பைலுக்கும் கம்ப்யூட்டர் ஒரு நம்பர் கொடுத்து வைத்திருக்கிறது. அதே டிரைவுக்குள் எங்கே நகர்த்தினாலும், பெயரையே மாற்றினாலும் அந்த நம்பர் மாறாது. வெட்டிய பீஸ்களைக் கட்டி நாம் ஒட்டும் பண்டல் நம்பர் எந்தத் தையல் லைனுக்கும் கூடவே போகிறதல்லவா, அப்படி. வேறு டிரைவுக்குப் போனால்தான் புது நம்பர் விழும். நம் கம்ப்யூட்டரில் டெலிட் செய்த பைல்கூட எங்கிருந்து வந்தது என்பதை ரீசைக்கிள் பின் குறித்து வைத்திருக்கும்.

"இதென்னங்க, உங்க பேர் வருது?" என்று முதலாளி என்னைக் கேட்டார்.

ஜெர்லின் என்னைப் பார்த்த பார்வையிலேயே அவளுக்குப் புரிந்துவிட்டது தெரிந்தது. "நாந்தான் சார் செக் பண்ணக் கொடுத்தேன். அக்கா பாத்தா ஒரு தைரியம்லா" என்றாள்.

"அப்ப செக் பண்றவங்களே இன்சார்ஜா இருக்கட்டுங்க" என்று சொல்லிவிட்டு முதலாளி போய்விட்டார்.

நான் மெதுவாக அவள் பக்கத்தில் போய், ஏன் அப்படிச் சொன்னாய் என்று கேட்டேன். அவள் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"எங்கிட்டக் கேட்டிருந்தா நானே சொல்லித் தந்திருப்பேம்லாக்கா, வேற டிரைவுக்கு மாத்தணும்னு."

புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். யாரைக் கண்டால் வயிறு எரிகிறதோ, அவரிடமே போய்க் கேட்டு வேலை பழகிக்கொள்ளுங்கள். நான் அன்று மதியமே நாற்காலியை இழுத்துப் போட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன்.