பூஜையில் வைத்த பெல்ட்டு

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு வருஷம். கோயம்புத்தூரிலிருந்து பல்லடம் போகிற ரோட்டில் ஒரு நூற்பாலைக்குப் பஞ்சு குடோன் கட்டிக்கொண்டிருந்தோம். கான்ட்ராக்டரிடம் நான் சைட் சூப்பர்வைசர். டிப்ளமோ முடித்து நாலு வருஷம்தான் ஆகியிருந்தது. கோபம் மட்டும் நாற்பது வருஷம் சர்வீஸ் போட்டவன் மாதிரி வரும். எனக்குப் பின்னால் என்னை 'அந்த வெடுக்குனு பேசற சாரு' என்றுதான் சொல்வார்கள். தப்பில்லை, அப்படித்தான் பேசினேன்.

மில்லில் நூற்கும் ஆட்களைவிட மேற்பார்வை ஆட்கள் அதிகம். வெளிநாட்டுக்கு நூல் அனுப்புகிறவர்கள் என்பதால் அவர்களுக்கு ஆயிரம் விதி. பத்தடிக்கு மேல் ஏறுகிறவர் ஹெல்மெட்டும் சேஃப்டி பெல்ட்டும் போட்டிருக்க வேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதிவிட்டார்கள். அதற்கு ஒரு ஃபாரம். இன்று உயரத்தில் ஏறிய அத்தனை பேரும் போட்டிருந்தார்கள் என்று அதில் நான் கையெழுத்துப் போட வேண்டும். கேட் ஆபீசில் காலை எட்டு மணிக்கே அந்தக் கையெழுத்தை வாங்கிவிடுவார்கள், ஒருத்தரும் ஏணியில் கால் வைப்பதற்கு முன்னால்.

நான் அந்த ஃபாரத்துக்காகக் கத்தவில்லை. முந்தின சைட்டில் ஒரு கொத்தனார் விழுந்ததை என் கண்ணால் பார்த்தவன் நான். பன்னிரண்டடி உயரம்தான். அவர் அப்புறம் எழுந்திருக்கவே இல்லை. இந்த குடோனின் கூரை முப்பதடி. அதன்மேல் சிமெண்ட் ஷீட். இரும்புச் சட்டம் ஓடுகிற வரிசையில் போல்ட்டுத் தலை பார்த்துக் கால் வைக்க வேண்டும். ஒரு சாண் தள்ளி மிதித்தால் ஷீட் அப்பளமாக உடைந்து ஆள் உள்ளே போய்விடுவான். ஷீட் போடுகிற நாலு பேரும் ரப்பர் செருப்போடு அதன்மேல் பேசிக்கொண்டே நடப்பார்கள்.

கான்ட்ராக்டரிடம் தொண்டை கட்டச் சண்டை போட்டு நாலு பெல்ட் வாங்கினேன். இடுப்பில் பட்டை, அதிலிருந்து ஓர் ஆள் நீளத்துக்குக் கயிறு, கயிற்று நுனியில் கொக்கி. கொக்கியை இரும்பில் மாட்டிவிட்டால் கால் தவறினாலும் ஆள் கயிற்றோடு நிற்பான். இதை விளக்கிச் சொன்னபோது மேஸ்திரி தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார். ஐம்பது வயசு மனுஷர், நிதானமானவர். எல்லாம் கேட்டு முடித்துவிட்டு, "மாட்டைக் கட்டறாப்புல கட்டிப்போட்டா வேலை எப்பிடிங்க ஓடும்?" என்றார். மறுநாள் பார்த்தால் ஒரு பெல்ட்டில் சோத்துத் தூக்குப்போசி தொங்குகிறது. ஹெல்மெட் நிறைய போல்ட்டும் நட்டும் அள்ளி வைத்திருக்கிறார்கள்.

நாலு பேரில் கெட்டிக்காரர் தாராபுரம் பக்கத்துக்காரர் ஒருவர். முப்பது வயசு இருக்கும். அவர் மனைவியும் அதே சைட்டில் சித்தாள். ஒரு நாள் அவர் காலில் ஸ்பானர் தெரியாமல் பட்டுவிட்டது. உடனே குனிந்து தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பக்கத்திலேயே பெல்ட் கிடந்தது. அதை மிதித்துக்கொண்டு போனார். அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. இவர்களுக்கு ஸ்பானர் ஆயுதம், பெல்ட் வெறும் கயிறு. பெல்ட்டையும் ஆயுதமாக்கிவிட்டால் மரியாதை தானாக வந்துவிடும். என் மூளையை நானே மெச்சிக்கொண்டேன்.

ஆயுத பூஜைக்கு முந்தின நாள் மத்தியானமே வேலையை நிறுத்திவிட்டு எல்லாவற்றையும் கழுவித் துடைத்தார்கள். கடைசி வரிசையில் ஷீட்டுக்கு ஒரு போல்ட்டுதான் முடுக்கியிருந்தது. பாக்கியை லீவு முடிந்து பார்க்கலாம் என்று விட்டுவிட்டார்கள், நானும் சரி என்றேன். நாலு பெல்ட்டையும் நானே சோப்புப் போட்டுக் கழுவி மேஸ்திரியிடம் கொடுத்தேன். "இதையும் பூசைல வெய்ங்க. இதும் ஆயுதந்தான்" என்றேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு வாங்கிக்கொண்டார்.

பூஜையன்று தகரக் கொட்டகையில் மம்பட்டி, கரண்டி, ஸ்பானர், கான்கிரீட் வைப்ரேட்டர் எல்லாம் வரிசையாகச் சந்தனம் குங்குமம் வைத்து இருந்தன. நடுவில் நாலு பெல்ட், கதம்ப மாலையோடு. பெண்கள் புதுச் சேலையில் வந்திருந்தார்கள். பூசணிக்காய் உடைத்தோம். தாராபுரத்துக்காரர் பெல்ட்டைத் தொட்டுக் கும்பிட்டதை நான் பார்த்தேன். பொரியை வாய் நிறையப் போட்டுக்கொண்டு ஜெயித்துவிட்டதாக நினைத்தேன்.

சாயங்காலம் நாலு மணிக்குக் காற்று பிடித்தது. மழை இன்னும் வரவில்லை, ஆனால் தெற்கே வானம் கருத்துக்கொண்டு வந்தது. மில் மேனேஜர் ஓடிவந்தார். குடோன் முடிவதற்கு முன்னாலேயே அவசரப்பட்டு ஒரு பக்கம் பஞ்சு பேல்களை அடுக்கியிருந்தார்கள். ஒற்றை போல்ட்டில் நின்ற கடைசி வரிசையில் ரெண்டு ஷீட் தூக்கித் தூக்கி அடித்துக்கொண்டிருந்தது. ஒன்று பிய்த்துக்கொண்டால் அந்த வரிசையே போய்விடும், மழையில் பஞ்சும் நனைந்துவிடும்.

"நான் ஏறி நாலு மணல் மூட்டைய வெச்சுப்போட்டு வந்தர்றேனுங்க" என்றார் தாராபுரத்துக்காரர். "ஸ்பானரத் தொட வேண்டியதில்ல. மூட்டை ஆயுதம் இல்லீங்களே."

"பெல்ட்டுப் போட்டுட்டு ஏறுங்க" என்றேன்.

மேஸ்திரிதான் மெதுவாகச் சொன்னார்: "பெல்ட்டு பூசைல இருக்குதுங்க. நாளைக்கு மறுபூசை பண்ணாம எடுக்கக் கூடாதுங்க. நீங்கதானுங்க வெக்கச் சொன்னீங்க."

இது எனக்குத் தெரியாத வழக்கமா? சரஸ்வதி பூஜைக்குப் புத்தகத்தை அடுக்கிவிட்டு, ஒரு நாள் படிக்க வேண்டாம் என்று ஆட்டம் போட்டவன்தானே நானும். பெல்ட்டை எடுத்துப் பூஜையில் வைத்தபோது அது மட்டும் எங்கே போயிருந்தது? நான் வாயைப் பிளந்துகொண்டு நிற்கிற நேரத்தில் தாராபுரத்துக்காரர் செருப்பைக் கழற்றிவிட்டு ஏணியில் பாதி ஏறிவிட்டார்.

"இறங்குங்க" என்று கத்தினேன். காற்றில் கேட்டதோ இல்லையோ, அவர் திரும்பிப் பார்க்கவில்லை. கீழேயிருந்து ரெண்டு பேர் கயிற்றில் மூட்டையைக் கட்டி இழுத்துக் கொடுத்தார்கள். முப்பதடி உயரத்தில் அந்த மனுஷன் மூட்டையைத் தோளில் வாங்கிக்கொண்டு போல்ட்டு வரிசை பார்த்து நடந்தார். சட்டை காற்றில் உப்பிக்கொண்டு அவரை இழுத்தது.

நான் கொட்டகைக்கு ஓடினேன். வாசலில் அவர் மனைவி நின்றிருந்தாள். என்ன செய்யப் போகிறேன் என்று என் முகத்திலேயே தெரிந்திருக்க வேண்டும்.

"வேண்டாமுங்க சார். பூசைல வெச்சத எடுக்காதீங்க. மேல நிக்கறது அவருங்க. ஏதாச்சும்னா அவருக்குத்தானுங்க ஆவும்."

"அதுக்குத்தாம்மா எடுக்கறேன்."

"சாமி குத்தம் ஆயிருமுங்க" என்று கையை நீட்டி மறித்தாள். அவள் கையை விலக்கிவிட்டு உள்ளே போனேன். நாலு பெல்ட்டின் கயிறும் ஒன்றோடொன்று சிக்கியிருந்தது. ஒன்றைப் பிடித்து இழுத்ததில் மாலை அறுந்தது. குங்குமக் கிண்ணம் கவிழ்ந்தது. விளக்கு சாய்ந்து அணைந்துவிட்டது. வாசலில் கூட்டமே நின்று பார்த்தது. ஒரு கிழவர் கன்னத்தில் போட்டுக்கொண்டார். நான் ஒன்றும் சாமி இல்லை என்கிற ஆள் இல்லை. ஆனால் பன்னிரண்டடியில் விழுந்த கொத்தனாரின் முகம்தான் அப்போது எனக்குத் தெரிந்தது.

பெல்ட்டைத் தோளில் போட்டுக்கொண்டு ஏணியில் ஏறினேன். எனக்கு உயரம் ஆகாது. கூரை விளிம்பில் வயிற்றை வைத்துப் படுத்துக்கொண்டு பெல்ட்டை அவர் பக்கம் வீசினேன். மூன்றாவது மூட்டையை வாங்கக் காத்திருந்தவர் குங்குமம் அப்பின அந்தப் பட்டையைப் பார்த்தார்.

"என்னங்க சார், இப்பிடிப் பண்ணிப்போட்டீங்க" என்றார். முகமே செத்துவிட்டது.

"எடுத்தாச்சுங்க. பாவம் என்னோட போகட்டும். நீங்க மாட்டுங்க."

"நான் மாட்டமாட்டேனுங்க."

"நீங்க மாட்டற வரைக்கும் நான் இங்கிருந்து இறங்கமாட்டேன். எனக்குத் தலை சுத்துது. விழுந்தா நான்தான் விழுவேன், பாத்துக்குங்க."

அது மிரட்டல் இல்லை. நிஜமாகவே சுற்றியது. அதைப் பார்த்துத்தான் மனம் இறங்கினார். பெல்ட்டைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, வாய்க்குள் ஏதோ முணுமுணுத்துக்கொண்டு இடுப்பில் கட்டினார். ஷீட் தூக்கின இடத்தில் இரும்புச் சட்டம் வெளியே தெரிந்தது. கொக்கியை அதில் மாட்டினார். மூன்றாவது மூட்டை மேலே வந்தது. அவர் அதைத் தூக்கித் தோளில் வைக்கும்போது பெரிய காற்று ஒன்று அடித்தது. நிலைக்கு நிற்க ஓர் அடி பக்கவாட்டில் எடுத்து வைத்தார்.

சத்தம் பெரிதாக இல்லை. மண் ஓட்டைக் காலால் மிதித்த மாதிரி ஒரு சத்தம். அவர் இருந்த இடத்தில் ஓட்டைதான் இருந்தது. மூட்டை கீழே தரையில் விழுந்து வெடித்தது கேட்டது. மனுஷர் விழுந்த சத்தத்துக்காக நான் கண்ணை மூடிக்கொண்டு காத்திருந்தேன். அது வரவில்லை. கண்ணைத் திறந்தபோது கயிறு விறைத்துக்கொண்டு ஆடியது. தவழ்ந்து போய் எட்டிப் பார்த்தேன். இடுப்பில் மடங்கித் தொங்கினார். அவருக்கு நேர் கீழே பஞ்சு பேல் எதுவும் இல்லை, வெறும் சிமெண்ட் தரை. ரெண்டு கையாலும் கயிற்றைப் பிடித்துக்கொண்டேன். இரும்பில் மாட்டின கொக்கிக்கு என் பிடி எதற்கு? ஆனாலும் விட மனசு வரவில்லை. மில் ஆட்கள் உள்ளே பெரிய ஏணியைச் சாத்தி அவரைத் தோளில் வாங்கி இறக்குகிற வரைக்கும் பிடித்துக்கொண்டே கிடந்தேன்.

ரெண்டு விலா எலும்பில் விரிசல். தொடையில் ஷீட் கிழித்து நீளமாகத் தையல். அவ்வளவுதான். நான் இறங்கி வந்தபோது யாராவது தோளைத் தட்டுவார்கள் என்று எதிர்பார்த்தேனா? உண்மையைச் சொன்னால், எதிர்பார்த்தேன். மேஸ்திரி மேனேஜரிடம் சொல்லிக்கொண்டிருந்தார்: "பத்து வருசமா ஷீட்டு மேல நடக்கறவருங்க. ஒரு நாள் கால் தவறினதில்ல. சாரு பூசையக் கலைச்சாரு, அடுத்த நிமிசம் ஷீட்டு ஒடஞ்சு போச்சுங்க." மேனேஜர் தலையை ஆட்டினார். மறுநாள் கான்ட்ராக்டர் என்னைக் கூப்பிட்டு, பரிகாரமாக இன்னொரு பூசணிக்காய் வாங்கி உடைக்கச் சொன்னார். உடைத்தேன். அந்த பெல்ட் ஆகாத பெல்ட் ஆகிவிட்டது. அதை யாரும் தொடவில்லை.

மூன்றாம் நாள் ஆஸ்பத்திரிக்குப் போனேன். போகும் வழியெல்லாம் சண்டைக்குப் பேச்சைத் தயார் செய்துகொண்டே போனேன். பெல்ட் இல்லாவிட்டால் இன்றைக்கு உங்களுக்கு மூன்றாம் நாள் காரியம் நடந்திருக்கும் என்று முகத்துக்கு நேராகக் கேட்டுவிட வேண்டும். வார்டில் அவர் தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். மனைவி இட்லியைப் பிய்த்து ஊட்டிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் அவள்தான் ஆரம்பித்தாள்.

"சொன்னேனுங்களே சார். கைய நீட்டி மறிச்சுச் சொன்னேனுங்களே. நீங்க கேக்கலீங்களே."

அப்புறம் அவர். வாயில் இட்லியோடு அவர் என்னைத் திட்டினார். படித்தவர்களுக்கு எதிலும் நம்பிக்கை இல்லை என்றார். நல்ல நாளில் விளக்கை அணைத்தவன் உருப்பட மாட்டான் என்றார். தங்கள் குலதெய்வத்துக்கு இதற்கு நான் பதில் சொல்ல வேண்டும் என்றார். மூச்சு இழுத்துப் பேசும்போது விலா வலித்து முகம் சுளித்தது. ஆனாலும் நிறுத்தவில்லை. தயார் செய்துகொண்டு போன பேச்சு என் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. அவர் மென்று விழுங்குவதைப் பார்த்தேன். அவள் அவர் மோவாயில் ஒட்டின சட்னியைச் சேலைத் தலைப்பால் துடைத்தாள். நான் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டுக் கட்டிலருகே உட்கார்ந்தேன்.

நடுவில் அவருக்குப் புரையேறியது. நான் சொம்பிலிருந்து தண்ணீர் ஊற்றிக் கொடுத்தேன். வாங்கி மடக் மடக்கென்று குடித்தார். டம்ளரை என் கையில் கொடுத்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து மறுபடியும் திட்ட ஆரம்பித்தார்.