குறை ஏதுமில்லை

பள்ளிக்கூடத்தில் தொமோயே ஒருநாளும் கையைத் தூக்கியவள் அல்ல. விடை தெரியும். வேறு யாராவது சொல்லட்டும் என்று மேசை விளிம்பைச் சுரண்டிக்கொண்டிருப்பாள். பத்தொன்பது வயதில் துறைமுகத்தை ஒட்டிய மீன் டப்பாத் தொழிற்சாலையில் சேர்ந்தாள். இப்போது ஐம்பத்து நாலு. நடுவில் ஒரு கல்யாணம், ஒரு பெண், மாமியாரின் நீண்ட நோய், படகில் முதுகைக் கெடுத்துக்கொண்டு வீட்டோடு வந்துவிட்ட கணவர். எதற்கும் முணுமுணுத்ததில்லை. ஊரில் அவளுக்கு நல்ல மாதிரி என்று பெயர். முதலில் வாயைத் திறக்காதவளை அங்கே அப்படித்தான் சொல்வார்கள்.

அப்படிப்பட்டவளுக்கு மூன்று வருஷத்துக்கு முன்னால் தலைமைப் பதவி வந்து சேர்ந்தது. பழைய மேஸ்திரி ஓய்வு பெற்றதும், மேலாளர் ஒகாபே மீன் வேகவைக்கும் கொப்பரைக் கூடத்துப் பெண்கள் ஐந்து பேரையும் வரிசையாக நிற்க வைத்தார்.

"இனிமே மேஸ்திரின்னு ஒருத்தர் கிடையாது. நீங்க அஞ்சு பேருமே தலைவருங்கதான். வாரத்துக்கு ஒருத்தர்."

ஐவரில் மூத்தவள் கினுயோ. அறுபத்தொரு வயது, வாய் சும்மா இருக்காது. "அப்ப என் வாரத்துல என் வீட்டுக்காரரும் எனக்கு அடங்கி நடக்கணும்னு ஒரு கடுதாசி எழுதிக் குடுங்க ஐயா," என்றாள். ஒகாபேகூடச் சிரித்துவிட்டார்.

தலைமைக்கு அடையாளம் ஆரஞ்சு நிறக் கைப்பட்டை. முதல் தடவை அது தன்னிடம் வந்தபோது தொமோயே ஞாயிற்றுக்கிழமை அதைத் துவைத்து, இஸ்திரி போட்டு, ஒரு பெட்டி அரிசி இனிப்போடு அடுத்தவளிடம் கொடுத்தாள். அன்றிலிருந்து அதுவே வழக்கமாகிவிட்டது. திங்கள் காலை கொப்பரையில் முதல் சுமையைப் பழையவள் ஏற்றுவாள், புதியவள் திறப்பாள். அதற்கு நடுவில் கைப்பட்டை கை மாறும். "குறையில்லாம ஒப்படைக்கிறேன்" என்பாள் ஒருத்தி. "குறையில்லாம வாங்கிக்கிறேன்" என்பாள் மற்றவள். ஒப்படைப்பு ஏட்டில் 'குறை ஏதுமில்லை' என்று எழுதி ஐந்து பேரும் தங்கள் பெயர் முத்திரையைச் சிவப்பு மையில் ஒற்றுவார்கள்.

கொப்பரை என்று அவர்கள் சொல்வது ஆள் உயரத்துக்குப் படுத்துக் கிடக்கும் இரும்பு உருளையை. உள்ளே டப்பாக்களை அடுக்கி, கதவை மூடி, நீராவியை விட்டால் ஒன்றரை மணி நேரத்தில் மீன் முள்ளோடு வெந்துவிடும். ஆவி முழுக்க வெளியேறியதும் கதவின் பூட்டுக்கம்பி தானாகக் கீழே விழ வேண்டும். அது விழுந்தால்தான் சக்கரத்தைச் சுற்றிக் கதவைத் திறக்கலாம்.

கம்பி தானாக விழுந்து வெகுநாளாகிவிட்டது. கதவுக்குப் பக்கத்தில் ஓர் ஆணியில் மரச்சுத்தியல் ஒன்று தொங்கிற்று. அழுத்தமானியின் முள் பூஜ்யத்துக்கு வந்ததும் கம்பியின் தலையில் ஒரு தட்டு, விழுந்துவிடும். சுத்தியலை யார் மாட்டியது என்று யாரும் கேட்டதில்லை. ஏட்டிலும் அதைப் பற்றி ஒரு வரி கிடையாது.

அந்த இலையுதிர் காலத்தில் கானாங்கெளுத்தி மீன் கூட்டம் கூட்டமாக வந்தது. படகுகள் துறையில் இடமில்லாமல் நின்றன. கைப்பட்டை தொமோயேவிடம் இருந்த வாரம் அது. செவ்வாயன்று கம்பி ஒரு தட்டில் விழுந்தது. புதனன்று இரண்டு. வியாழனன்று ஐந்து தட்டுத் தட்டியும் அசையவில்லை. ஆறாவதில் விழுந்தபோது கதவின் இடுக்கிலிருந்து 'ஸ்ஸ்' என்று மூச்சுப் போல ஒன்று வெளிவந்து அவள் முழங்கை ரோமத்தைப் பொசுக்கிற்று. முள்ளைப் பார்த்தாள். பூஜ்யத்தில் நின்றது.

அப்போதுதான் அவளுக்கு அது உறைத்தது. கம்பி துருப்பிடித்து நிற்கிறதா, உள்ளே ஆவி இருப்பதால் நிற்கிறதா? அதைச் சொல்லத்தான் கம்பி இருக்கிறது. நாம்தான் அதன் தலையில் தட்டித் தட்டி வாயை அடைத்துவிட்டோம்.

அடுத்த வாரம் சவாவின் முறை. முப்பத்து மூன்று வயது. இரண்டாம் வகுப்புப் படிக்கும் மகளைத் தனியாக வளர்க்கிறாள். குள்ளம். சக்கரத்தைப் பிடித்து நின்றால் கதவின் இடுக்கு சரியாக அவள் முகத்துக்கு நேரே வரும்.

வெள்ளிக்கிழமை தொமோயே ஏட்டில் எழுதினாள்: 'பூட்டுக்கம்பி விழுவதில்லை. சுத்தியலால் தட்டித் திறக்கிறோம். பழுது பார்க்கும்வரை கொப்பரையை நிறுத்த வேண்டும்.' தன் முத்திரையை ஒற்றினாள். ஒகாபேயிடம் கொண்டுபோனாள்.

அவர் தயங்குபவர்போலப் பல்லிடுக்கில் காற்றை உறிஞ்சினார். "எப்பலருந்து?"

"தெரியலைங்க. ரொம்ப நாளா."

"ம்ம். ஆனா ஒரு முத்திரைதானே இருக்கு? அஞ்சு பேரும் பேசி ஒரு முடிவுக்கு வாங்க. அது உங்க கூடம். நான் நடுவுல புகுந்தா நல்லாவா இருக்கும்?"

சாப்பாட்டு அறையில் ஏட்டை நடுவில் வைத்தாள். சோற்று உருண்டையைக் கடித்துக்கொண்டிருந்தவர்களின் வாய் அப்படியே நின்றது.

"பேனாவுலயா எழுதிட்ட? பென்சில்ல எழுதக் கூடாதா?" என்றாள் கினுயோ.

"வியாழக்கிழமை ஆவி வெளிய வந்துச்சுக்கா. முள் பூஜ்யத்துல இருக்கறப்பவே."

"வரட்டும். எனக்குந்தான் சோறு வடிக்கிறப்ப ஆவி வருது. அடுப்ப இடிச்சா போட்டேன்?" மற்ற இருவரும் சிரித்தார்கள். கினுயோ குரலைத் தாழ்த்தினாள். "தொமோ, இத எழுதினா போன வாரம் எழுதினது பொய்யாயிடும். அதுக்கு முந்தின வாரமும். ஒவ்வொருத்தி முகத்துலயும் கரி பூசணுமா? மீன் வர்ற சமயம். பத்து நாள் போகட்டும்."

"அடுத்து நிக்கப்போறது சவா."

எல்லோரும் சவாவைப் பார்த்தார்கள். அவள் தேநீர்க் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள். "நீங்க எல்லாரும் எப்படிச் சொல்றீங்களோ அப்படியே, அக்கா. என் ஒருத்தியால எதுவும் நிக்க வேணாம்."

ஏட்டில் முத்திரைக்கான மற்ற நான்கு கட்டங்கள் காலியாகவே கிடந்தன. வேலை முடிந்து கிளம்பும்போது தொமோயே சுத்தியலை ஆணியிலிருந்து எடுத்துத் தன் பைக்குள் போட்டுக்கொண்டாள். தட்ட ஒன்றுமில்லாவிட்டால் எப்படித் திறப்பார்கள்?

வீட்டில் கணவர் பையிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த கைப்பிடியைப் பார்த்தார். "அட, இது எங்க போயிருந்துச்சு? ரெண்டு குளிர்காலமா தேடறேன்."

"இது உங்களோடதா?"

"நல்லா கேட்ட. படகுல ஆப்பு அடிக்கிற சுத்தியல். இப்பதான் ஞாபகம் வருது, நீதானே கொண்டுபோன? தொழிற்சாலையில ஏதோ சிக்கிக்கிச்சுன்னு."

அவளுக்கு நினைவு வந்தது. பனி கொட்டிய ஒரு காலை. அவளுடைய வாரம். கம்பி முதல் தடவை நின்றது அன்றுதான். அடுத்தவள் திண்டாடக் கூடாதே என்று ஆணி அடித்து அங்கே மாட்டியவள் அவளே. அந்த வாரம் ஏட்டில் 'குறை ஏதுமில்லை' என்று எழுதியவளும் அவளே.

ஞாயிற்றுக்கிழமை கைப்பட்டையை இஸ்திரி போட்டபோது ஒரே இடத்தில் பெட்டியை வைத்துவிட்டு நின்றுகொண்டிருந்தாள். துணி தீய்ந்த வாசனை வந்துதான் எடுத்தாள்.

திங்களன்று வழக்கத்தைவிட முன்னதாகவே போனாள். கொப்பரை ஏற்கெனவே உறுமிக்கொண்டிருந்தது.

"உனக்குச் சிரமம் வேணாம்னு நானே ஏத்திட்டேன்," என்றாள் கினுயோ, சிரித்த முகத்தோடு.

ஆணியில் புதுச் சுத்தியல் தொங்கிற்று. இரும்புச் சுத்தியல். கைப்பிடியில் கடைச் சீட்டுகூட உரிக்கப்படவில்லை.

"இத யார் மாட்டினது?"

கினுயோ தகரத் தட்டுகளைத் துடைத்துக்கொண்டிருந்தாள். மற்ற இருவரும் தலையில் துணி கட்டிக்கொண்டிருந்தார்கள். யாரும் நிமிரவில்லை.

எட்டரை மணிக்கு நீராவியை அடைத்து, ஆவி வெளியேறும் போக்குக் குழாயைத் திறந்தார்கள். முள் மெல்ல இறங்கிப் பூஜ்யத்தில் நின்றது. சவா வந்து தொமோயேவின் முன்னால் குனிந்து, இரண்டு கைகளையும் நீட்டினாள்.

தொமோயே கைப்பட்டையை அவிழ்க்கவில்லை.

"அக்கா, முள் கீழ வந்துருச்சு."

"கம்பி விழல."

"அது எப்பவும் விழாதே."

"அதான் சொல்றேன். மஞ்சக் கோட்டுக்கு அந்தப் பக்கம் போ. எல்லாரும் போங்க. தானா விழற வரைக்கும் யாரும் தொடக் கூடாது. இந்த வாரமும் நான்தான்."

"முறைய மீறறியே தொமோ," என்றாள் கினுயோ. இப்போது முகத்தில் சிரிப்பு இல்லை. "உனக்குப் பட்டை அவ்வளவு பிடிச்சுப்போச்சா?"

மற்றவர்கள் நகர்ந்ததும் தொமோயே கதவுக்கு நேரே வராமல், தரையிலிருந்த மஞ்சள் கோட்டை ஒட்டி ஒரு பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தாள். வெளியே படகுகள் ஊதின. குளிர்ந்த மீன் வண்டி வண்டியாக வந்து வாசலில் நின்றது. கொப்பரைக்குள் ஏதோ 'டிக், டிக்' என்றது. பத்து நிமிஷம். இருபது நிமிஷம். கினுயோ பெருமூச்சு விட்டு, ஆணியிலிருந்த சுத்தியலை எடுக்க ஓர் எட்டு வைத்தாள்.

கதவின் விளிம்பு உதடு பிதுங்குவதுபோலப் பிதுங்கிற்று. உள்ளே அடைபட்டிருந்த ஆவி வெள்ளையாக ஒரு கத்திபோல அதிலிருந்து நீண்டது. சத்தம் பிறகுதான் வந்தது. எதிர்ச்சுவரில், குள்ளமான ஒரு பெண்ணின் முக உயரத்தில், வண்ணப்பூச்சு கொப்புளித்து உரிந்து விழுந்தது. அவ்வளவு நேரமும் முள் பூஜ்யத்தில்தான் நின்றது.

ஆவி அடங்கியதும் கம்பி 'டொக்' என்று தானாக விழுந்தது.

ஒகாபே மூச்சிரைக்க ஓடிவந்தார். முதலில் சுவரைப் பார்த்தார், பிறகு ஐவரையும். "யாருக்கும் அடிபடலையே? இந்த வாரம் தலைவர் யாரு?"

தொமோயேவின் கை தோளுக்கு மேலே போயிருந்தது. போன பிறகுதான் அவளே அதைப் பார்த்தாள். "நான்தான்."

"போன வாரம்?"

"நான்தான். அந்தச் சுத்தியல முதல்ல மாட்டினதும் நான்தான்."

அவர் ஏட்டை விரித்து மேசைமேல் வைத்தார். அவள் தலைகுனிந்து, நடந்ததை ஒவ்வொன்றாக எழுதினாள். எழுதி முடித்ததும் பக்கத்தில் ஏதோ மெல்ல உரசிற்று. கினுயோ, அவளுக்கு எட்டட்டும் என்று, சிவப்பு மை டப்பியை அவள் பக்கம் நகர்த்தி வைத்தாள். மூடியைக்கூடத் திறந்து வைத்திருந்தாள்.

தொமோயே தன் முத்திரையை ஒற்றினாள். மற்ற நான்கு கட்டங்களையும் மேலாளர் பார்த்தார். யாரும் அசையவில்லை. சவாவின் கை மட்டும் முத்திரை வைத்திருக்கும் மேலங்கிப் பைக்குள் இருந்தது. துணிக்கு மேலே அவள் விரல்கள் எதையோ இறுகப் பற்றியிருப்பது தெரிந்தது. அந்தக் கை வெளியே வரவில்லை.