பூதத்துக்கு அப்பாவின் பெயர்

சிவகரனைப் பற்றி எழுதுவதென்றால் முதலில் அவனை நாலு ஏச்சு ஏசிவிட்டுத்தான் தொடங்க வேண்டும். எனக்கு அந்த உரிமை இருக்கிறது. அவனைக் கலியாணம் கட்டவிருந்தவள் நான்.

உடுப்பிட்டிச் சந்திக்குக் கிட்ட ஒரு சின்னக் கடையில் அவன் இருப்பான். போட்டோகொப்பி, லமினேற்றிங், கைபேசிக்கு ரீலோட், செத்தவர்களுக்கு முப்பத்தோராம் நாள் அடிக்கிற நினைவு மலர். ஊரில் யார் கண்ணை மூடினாலும் அவர் எவ்வளவு நல்லவர் என்று தட்டெழுதுவது சிவகரன்தான். ஒருவருக்கும் ஒரு வாய் தண்ணீர் கொடுத்தறியாதவரைக்கூட வள்ளல் என்று எழுதி, பிழை திருத்தி, சுற்றிவரப் பூப் போட்டுக் கொடுப்பான். முகத்தில் ஒரு சிரிப்பும் இராது.

சண்டை ஓய்ந்து கொழும்புப் பாதை திறந்த வருசம் அவனுக்குப் பன்னிரண்டு வயது. கொழும்பிலிருந்து வந்த ஒரு உறவுக்காரர் விட்டுப்போன இறுவட்டில் பழைய ஆங்கிலக் கணினி விளையாட்டொன்று இருந்தது. நாம் ஒரு ஆளாக மாறி ஊர் ஊராய் நடந்து, காண்கிறவர்களுடன் கதைத்து, வாள் வாங்கி, சண்டை பிடிக்கிற விளையாட்டு. சண்டையைவிடக் கதைதான் அதில் அதிகம். இவனுக்கோ ஆங்கிலம் அறவே தெரியாது. அகராதியை மடியில் வைத்துக்கொண்டு சொல் சொல்லாகப் பொறுக்கினான். அவன் படித்த ஆங்கிலம் முழுக்க வாள், விஷம், சாபம், நிலவறை. பள்ளிக்கூடத்துச் சாதாரண தரப் பரீட்சையில் ஆங்கிலக் கடிதம் எழுதச் சொன்னதற்கு மந்திரவாதி அரசனுக்கு எழுதுகிற மாதிரி எழுதி வைத்துவிட்டு வந்தான். கிடைத்த புள்ளியை நான் சொல்லத் தேவையில்லை.

பிறகு அந்த விளையாட்டைச் செய்த வெளிநாட்டுக் கிழவர், இனி யார் வேண்டுமானாலும் இதை எடுத்துத் தங்கள் மொழியில் மாற்றலாம், விற்கலாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டார். அன்று பிடித்தது விசர். எட்டு வருசம். நினைவு மலர்களுக்கு இடையில் இருந்து அத்தனை கதையையும் யாழ்ப்பாணத் தமிழுக்குக் கொண்டுவந்தான். கொல்லன் "வாள் இருக்குத் தம்பி, கையிலை காசிருக்கோ?" என்று கேட்பான். அரண்மனைக் காவல்காரன் "எங்கை போறியள்? ஆரைத் தேடுறியள்?" என்று துருவித் துருவி விடுப்புப் பிடுங்குவான்.

நான் ஆரம்பப் பள்ளி ரீச்சர். தவணைச் சோதனைத் தாள் அடிக்கப் போன இடத்தில்தான் பழக்கம்.

"மிஸ், ஒண்டு கேக்கலாமோ? ஒரு மனிசி சந்தையிலை கேடயம் விக்கிறா. விலை கூடவெண்டு ஒருத்தன் முகத்தைச் சுழிக்கிறான். அவ என்ன சொல்லுவா?"

"உன்ரை மூஞ்சிக்குச் சட்டிமூடியே போதும், போ எண்டு சொல்லுவா."

அவன் சிரித்ததை அன்றுதான் முதல் தடவை பார்த்தேன். அதற்குப் பிறகு அந்த விளையாட்டில் வருகிற வாய்க்கொழுப்புப் பிடித்த பெண்கள் அத்தனை பேரும் நான்தான். சூனியக்காரியும் நான், அரசியும் நான், படகுத் துறையில் நின்று புருசனை ஏசுகிறவளும் நான். மூன்று வருசம் இப்படிப் போனது. 'மிஸ்' என்றவன் 'நீர்' என்று உரிமையோடு கூப்பிடத் தொடங்கினான்.

விசயம் வீட்டுக்குத் தெரிந்தபோது அப்பா குதியாத குதி இல்லை. அப்பா தம்பிஐயா, ஊர்க் கோயிலின் தலைவர். ஒலிபெருக்கியில் தன் பெயர் சொல்லாத திருவிழாவைத் திருவிழா என்றே கணக்கெடுக்க மாட்டார்.

"உவன் என்னத்தை விக்கப்போறானாம்?"

"விளையாட்டு. இந்தக் கிழமை வெளியிலை விடுறார்."

"என்ன விலை?"

"விலை இல்லை அப்பா. விரும்பினதைக் குடுக்கலாம். வெளிநாட்டிலை பழைய விளையாட்டுகளை அப்பிடித்தான் விக்கிறவை."

அப்பா அம்மாவைப் பார்த்துச் சிரித்தார். "கேட்டீரே குணலட்சுமி? கோயில் வாசல்லை தட்டோடை குந்தியிருக்கிறவனும் விரும்பினதைப் போடுங்கோ எண்டுதான் சொல்லுறான். கண்டறியாத தொழில்."

அம்மா அழுது, நான் சாப்பிடாமல் கிடந்து, கடைசியில் ஒரு தவணை வாங்கினோம். "ஆவணி முடியமுன்னம் நாலு பேர் மதிக்கிற மாதிரி வந்தால் சாதகக் குறிப்பைக் கொண்டுவரச் சொல்லு. இல்லாட்டி சுவிஸ் மாப்பிளைதான். பிறகு மூக்காலை அழக்கூடாது." ஆக, என் கழுத்தில் தாலி ஏறுவது அந்த விளையாட்டின் கையில் இருந்தது.

முதல் கிழமை நானூறு பேருக்குமேல் இணையத்தில் இருந்து இறக்கினார்கள். எல்லாரும் ஆகா ஓகோ என்று எழுதினார்கள். காசு என்று பார்த்தால், கோதாரி, பூச்சியம். விரும்பியதைக் கொடு என்றால் ஒன்றும் கொடுக்க விரும்பாத சனம் எங்கள் சனம். எனக்கு வயிறு பற்றி எரிந்தது. அவன் மட்டும் பதறவில்லை. கோயில் மண்டபத்துக்கு என்னைக் கூட்டிப்போய் மேலே காட்டினான். சுற்றுகிற மின்விசிறியின் ஒவ்வொரு இதழிலும் கொடுத்தவர் பெயர். குழல்விளக்கில் பெயர், தண்ணீர்த் தாங்கியில் பெயர், செருப்பு வைக்கிற தட்டிலும் பெயர்.

"எங்கடை ஆக்கள் காசைப் பொருளுக்குக் குடுக்கிறேல்லை. பேருக்குத்தான் குடுக்கிறவை," என்றான்.

உபயம் என்று ஒன்றைத் தொடங்கினான். ஒவ்வொரு கிழமையும் ஆகக் கூடக் கொடுக்கிறவர், விளையாட்டில் தான் விரும்பிய ஒரு பாத்திரத்துக்குத் தான் விரும்பிய பெயரை வைக்கலாம். இறக்கிய எல்லாருடைய கையிலும் அந்தப் பெயர் தானாக மாறும். கொட்டத் தொடங்கியது பாருங்கள்! பாரிசிலிருந்து ஒருவர் கொல்லனுக்குத் தன் தகப்பன் பெயரை வைத்தார். ஒஸ்லோவில் ஒரு அக்கா செத்துப்போன தன் தாயை அரசியாக்கினாள். தாயின் பெயர் திரையில் வருகிறதைப் பார்த்து அழுதேன் என்று எழுதியிருந்தாள். பெயர் எல்லாம் அப்பன், ஆத்தை பெயர். உபயத்தில் ஒருவன் வசை எழுதுவான் என்று எங்கள் ஊரில் யாருக்குத் தோன்றும்? சிவகரனுக்கும் தோன்றவில்லை. வருகிற பெயரை ஒருதரம் பார்த்துவிட்டு ஏற்றுகிற ஒழுங்கு அவன் செய்யவில்லை. அங்கேதான் அவன் தலையில் அவனே மண்ணைப் போட்டான்.

அப்பாவும் மெல்ல மெல்லக் குளிர்ந்தார். சந்தியில் ஆட்கள் "உங்கடை மருமோன் கெட்டிக்காரன்" என்று சொல்லத் தொடங்கியதும் சால்வையை இழுத்துவிட்டு நடந்தார். ஒரு நாள் என்னிடம் இருபது ரூபாயை நீட்டி, என் வங்கி அட்டையில் கட்டச் சொன்னார்.

"அரசனுக்கு என்ரை பேரை வைக்கச் சொல்லு."

"அப்பா, ஆகக் கூடக் குடுக்கிற ஆளுக்குத்தான்…"

"விரும்பினதுதானே? நான் விரும்பினது இருபது ரூபா."

நான் சிவகரனிடம் கெஞ்சினேன். வைத்துத் தொலைத்திருக்கலாம். விசரன் நேரே அப்பாவிடம் வந்து, கையைக் கட்டிக்கொண்டு, "முறை எண்டு ஒண்டு இருக்கு ஐயா, மற்ற ஆக்கள் கேப்பினம்" என்றான். அப்பா "ஓம் ஓம், முறைதானே பெரிசு" என்றார். அந்தச் சிரிப்பை நான் அறிவேன்.

ஆவணியில் சந்நிதி முருகனுக்குத் தேர். சிவகரன் வருசா வருசம் மூன்று நாள் தொண்டைமானாற்றுக்குப் போய், மடத்தில் சனத்துக்குச் சோறு போடுவான். தகப்பன் செத்ததிலிருந்து உள்ள நேர்த்தி. கைபேசியை வீட்டிலே வைத்துவிட்டுப் போவான். அந்த மூன்று நாளுக்குள்தான் எல்லாம் நடந்தது.

ரொறன்ரோவில் அப்பாவின் கூடப்பிறந்த தம்பி இருக்கிறார், சீவரத்தினம் சித்தப்பா. அவருடைய காணிக்குப் போகிற ஒழுங்கையை அப்பா வேலி நகர்த்தி அடைத்துப் பதினொரு வருசம். வழக்கு நடக்கிறது, இருவருக்கும் பேச்சு வார்த்தை இல்லை. சித்தப்பா ஐந்நூறு டொலர் கட்டினார். விளையாட்டில் ஒரு பூதம் உண்டு. குகை வாசலில் வழியை மறித்துக்கொண்டு, போகிற வருகிற எல்லாரிடமும் பங்கு கேட்கும். அதற்கு 'கோயில் தலைவர் தம்பிஐயா' என்று பெயர் வைத்தார்.

அதோடும் விடவில்லை. பேரப்பிள்ளைகளைக் கொண்டு அந்தப் பூதத்தை வெட்டிக் கொல்ல வைத்து, அதை வீடியோ எடுத்து ஊர் வாட்ஸ்அப் குழுவில் போட்டார். "இந்த வழி என்ரை, பங்கு வைச்சிட்டுப் போ" என்கிறது பூதம். மேலே அப்பாவின் பெயர். வாள் விழுகிறது. "ஐயோ என்ரை பொன், என்ரை பொன்" என்று கத்திச் சாகிறது. லண்டன், பாரிஸ், ஒஸ்லோ எல்லா இடமும் சிரித்தது. தேருக்குப் போன சனம் தேரை விட்டுவிட்டு அதைப் பார்த்தது.

அப்பாவுக்கு அதைச் செய்தது யாரென்று அன்றே தெரியும். சித்தப்பாவே தொலைபேசி எடுத்து, "எப்பிடி அண்ணை, சுகமோ?" என்று கேட்டிருக்கிறார். ஆனால் ரொறன்ரோ தூரம். சிவகரனின் கடை நடந்து போகிற தூரம்.

அவன் திரும்பி வந்த காலை, அப்பா கோயில் நிர்வாகத்தில் நாலு பேரைக் கூட்டிக்கொண்டு கடைக்குப் புறப்பட்டார். என்னையும் "நீயும் வா" என்றார். கடையில் போட்டோகொப்பிக்குச் சனம் நின்றது. சிவகரனுக்கு விசயம் அப்போதுதான் தெரிந்திருந்தது. நெற்றியில் திருநீறு காயவில்லை, முகம் செத்துப்போய்க் கிடந்தது.

"ஐயா, மன்னிச்சுக்கொள்ளுங்கோ. ரெண்டு நிமிசம் தாங்கோ, எல்லாற்றை கையிலையும் பேரை மாத்திவிடுறன்."

"மாத்த வேண்டாம். அழி."

"எதை ஐயா?"

"எல்லாத்தையும். அந்தக் கண்டறியாத விளையாட்டை அடியோடை அழி. அழிச்சியெண்டால் நாளைக்கே குறிப்புப் பாப்பம். உவள் சாட்சி, இவ்வளவு பேரும் சாட்சி."

"ஐயா, சொல்லுறதைக் கேளுங்கோ. இதை அழிச்சால் பிறகு பேரை மாத்தவும் ஏலாது. இறக்கினவையிட்டை உங்கடை பேர் அப்பிடியே நிண்டுவிடும். முதல்லை மாத்திப்போட்டு…"

"எனக்குக் காது குத்தாதை. அழிக்கிறியோ, நான் சுவிசுக்குக் கதைக்கட்டோ?"

அவன் என்னைப் பார்த்தான். இதைத்தான் என்னால் மறக்க முடியவில்லை. நான் "வேண்டாம்" என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் அவன் கையை எடுத்திருப்பான். அப்பா பொய் சொல்கிறார் என்று ஒரு மூலையில் எனக்குத் தெரியும். அவருக்கு முப்பத்திரண்டு வருசம் மகளாக இருக்கிறவள் நான். ஆனால் நாளைக்கே குறிப்பு என்ற சொல்லில் எனக்கு ஆசை வந்துவிட்டது. சேலைத் தலைப்பைத் திருகிக்கொண்டு நிலத்தைப் பார்த்தேன். சூனியக்காரிக்கும் அரசிக்கும் கொடுத்த வாயில் எனக்கென்று ஒரு சொல் மிஞ்சவில்லை.

அவன் அழித்தான். பக்கத்தை மூடினான், கணினியில் இருந்ததைத் துடைத்தான். "வேறை எங்கையும் வைச்சிருக்கிறியோ?" என்று அப்பா கேட்டதற்கு, இல்லை என்று சொல்லத் தெரியாத அந்தப் பிறவி, வீட்டுக்கு ஓடிப்போய், பிரதி வைத்திருந்த சேமிப்புத் தட்டையும் எடுத்துக்கொண்டு வந்தது. கடை வாசலில் இருந்த தண்ணீர் வாளிக்குள் தானே போட்டான். எட்டு வருசம் போய்விட்டது. வரிசையில் நின்ற ஒருவர் தன் அடையாள அட்டைப் பிரதியைக் கேட்டார்.

அப்பா கதிரையை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.

"இப்ப சொல்லு தம்பி. பொம்பிளை கேட்டு வந்தனி. என்ன தொழில் செய்யிறாய்?"

சிவகரன் முழித்தான். "கடைதான் ஐயா. போட்டோகொப்பி… நினைவு மலர்…"

"போட்டோகொப்பி அடிக்கிறவனுக்கோ நான் ரீச்சரைக் குடுக்கிறது?"

கூட வந்த நாலு பேரும் சிரித்தார்கள். அப்பா எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டு நடந்தார். நானும் பின்னால் நடந்தேன். ஆம், நடந்தேன். சிவகரன் அந்த ஆளுக்கு அடையாள அட்டைப் பிரதி எடுத்துக்கொண்டிருந்தான்.

அவன் இன்னும் அந்தக் கடையில்தான் இருக்கிறான். விளையாட்டைப் பற்றி யாராவது கேட்டால் "எனக்கு உது தெரியாது" என்கிறான். நான் தாள் அடிக்கப் போனால் "எத்தினை கொப்பி, மிஸ்?" என்கிறான். அட மடையா, என்னைப் பிடித்து ஏசு, காறித் துப்பு! ஒன்றும் செய்ய மாட்டான். மிச்சக் காசைச் சரியாக எண்ணி மேசையில் வைப்பான்.

சுவிஸ் மாப்பிள்ளை வீட்டார் அந்த வீடியோவைப் பார்த்துவிட்டுப் பின்வாங்கினார்கள். அடுத்து வந்த டென்மார்க்காரர் "உந்தப் பூதத்தின்ரை மகளோ?" என்றே கேட்டார்களாம். அப்பா வேறு கடையில் ஒரு கெட்டிக்காரனைப் பிடித்து, என்ன செலவானாலும் பெயரை எடுத்துத் தா என்றார். மூலம் இல்லாமல் ஒன்றும் செய்ய ஏலாது என்று அவன் கையை விரித்தான். சனம் முன்பு இறக்கிய பிரதியைக் கைக்குக் கை மாற்றிக்கொண்டே இருக்கிறது. இப்போது அது இலவசம்.

என் கைபேசியிலும் ஒரு பிரதி இருக்கிறது. மத்தியானம் அப்பா சாப்பிட்டுச் சாய்ந்த பிறகு அதைத் திறக்கிறேன். கொல்லனிடம் வாள் வாங்குகிறேன், நான் எழுதிக் கொடுத்த பெண்களிடம் ஏச்சு வாங்குகிறேன், குகை வாசலுக்குப் போகிறேன். பூதம் பங்கு கேட்கிறது. சத்தத்தைக் குறைத்துவிட்டு, அது சாகும்வரை வெட்டுகிறேன். இன்று வெட்டி முடிக்கவும் அப்பா எழும்பி, "பிள்ளை, தேத்தண்ணி" என்று கூப்பிட்டார். சீனி அளவாகப் போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.