காற்றின் மேல் பழி போடாதவள்

விமானத்தின் விசிறி இலைகள் இரண்டும் நுனியில் பின்பக்கமாகச் சுருண்டிருந்தன. முதலில் அதுதான் என் கண்ணில் பட்டது. மூக்கு மண்ணில் குத்தி, வால் வானத்தைப் பார்த்தபடி, அந்த இரண்டு இருக்கைப் பயிற்சி விமானம் ஓடுபாதை ஓரத்துப் புல்லில் நின்றது. பக்கத்தில் அக்கா, நெற்றியில் பஞ்சை அழுத்திப் பிடித்துக்கொண்டு, கவிழ்த்துப் போட்ட வாளியின் மேல் உட்கார்ந்திருந்தாள். "எனக்கு ஒண்ணுமில்லடி. அதுக்குத்தான் மூக்கு உடைஞ்சுடுச்சு," என்றாள். சிரிக்கப் பார்த்தாள். முடியவில்லை.

தொண்ணூறுகளின் நடுவில் நடந்தது இது. அப்பாவுக்குக் கல்கத்தாவில், கார்டன் ரீச் ரயில்வே அலுவலகத்தில் வேலை. பி.எஸ்ஸி. முடித்த கையோடு, கல்கத்தாவின் தெற்கு ஓரத்தில் இருந்த ஒரு விமானப் பயிற்சிப் பள்ளியில் அக்கா சேர்ந்தாள். அந்த வருடம் சேர்ந்தவர்களில் பெண் அவள் ஒருத்திதான். ஆசிரியர் இல்லாமல் தனியாகப் பறக்க அனுமதி கிடைத்து மூன்று வாரம்கூட ஆகவில்லை. இறங்கும்போது சக்கரம் தரையில் பட்டு, விமானம் பந்து போல் எம்பியது. பதறிப்போய், விமானத்தின் மூக்கை ஏற்றி இறக்கும் ஸ்டிக்கை முன்னால் தள்ளிவிட்டாள். மூக்குச் சக்கரம் முதலில் மோதி முறிந்தது.

அன்று மாலை பள்ளியின் தலைமைப் பயிற்சியாளர் ஒரு படிவத்தைக் கொடுத்து, பக்கவாட்டுக் காற்று திடீரென்று அடித்தது என்று எழுதச் சொன்னாராம். அவருக்கு அவள் மேல் பிரியம். அப்படி எழுதினால் பள்ளிக்கும் கெட்ட பெயரில்லை, அவளும் அடுத்த வாரமே பறக்கலாம். அக்கா படிவத்தை வீட்டுக்குக் கொண்டுவந்து, சாப்பாட்டு மேஜையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள்.

"காத்து அடிச்சது பொய்யில்லையே?" என்றார் அப்பா.

"அடிச்சதுப்பா. ஆனா ஸ்டிக்கைத் தள்ளினது காத்து இல்ல, நான்."

"அதை எழுதினா உன்னை மறுபடி பறக்க விடுவாங்களா?"

"தெரியல. எழுதாட்டி, நான் எங்க தப்பு பண்ணினேன்னு எனக்கே மறந்துபோயிடும்."

உள்ளதை உள்ளபடி எழுதிக் கொடுத்தாள். பறக்கக்கூடாது என்று நிறுத்திவைத்தார்கள். திரும்பவும் பறக்க வேண்டுமானால் வெளியிலிருந்து வரும் தேர்வாளர் முன்னால் பறந்து காட்ட வேண்டும். அவர் எப்போது வருவார் என்று யாருக்கும் தெரியாது. அம்மா சண்டை போடவில்லை. அக்காவின் வெள்ளைச் சீருடையைத் துவைத்து, இஸ்திரி போட்டு, பீரோவின் அடித்தட்டில் வைத்துப் பூட்டினாள். அது சண்டையைவிடக் கடுமையாக இருந்தது.

நான்கு மாதம் அக்கா தினமும் சல்வார் கமீஸில் விமானத் திடலுக்குப் போனாள். வேலியோரம் உட்கார்ந்து, மற்ற மாணவர்கள் இறங்குவதை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். சக்கரம் எங்கே பட்டது, எவ்வளவு எம்பியது, ஓட்டியவர் அப்போது என்ன செய்தார் என்றெல்லாம் நோட்டில் எழுதினாள். அவளோடு சேர்ந்தவர்கள் முதலில் கேலி செய்தார்கள். பிறகு அவர்களே இறங்கி வந்ததும் நேராக அவளிடம் போய், "என்னுது எப்படி இருந்தது தீதி?" என்று வங்காள வழக்கப்படி அக்கா முறை வைத்துக் கேட்க ஆரம்பித்தார்கள்.

தேர்வு நாள் வந்தது. அம்மாதான் பீரோவைத் திறந்தாள். சீருடையைக் கட்டிலில் வைத்துவிட்டு, "நானும் வரேன்," என்றாள்.

அன்றைக்கும் நல்ல காற்று. தேர்வாளர் பக்கத்தில் இருக்க, அக்கா இறங்கினாள். சக்கரம் பட்டது. விமானம் எம்பியது. அம்மா என் மணிக்கட்டை நெரித்தாள். விசிறி தரையில் மோதும் சத்தத்துக்காக என் காது காத்திருந்தது. ஆனால் எஞ்சின் உறுமியது. மூக்கு நிமிர்ந்தது. விமானம் எங்கள் தலைக்கு மேலாக ஏறிப் போய்விட்டது.

"ஏண்டி, இறங்காம எங்க போறா?"

"சரியா இறங்கலேன்னா இறங்கவே வேண்டாம்னு தெரிஞ்சுக்கிட்டாம்மா. சுத்திட்டு வருவா."

வந்தாள். இந்த முறை சக்கரம் எப்போது தரையைத் தொட்டது என்று எங்களுக்குத் தெரியவில்லை. பின்னால் கிளம்பிய மெல்லிய புழுதியை வைத்துத்தான் கண்டுகொண்டோம். முதல் தடவை எம்பிய அந்தக் கணத்தில் தேர்வாளரின் கை தன் பக்கத்து ஸ்டிக்குக்குப் போனதாம். "மேலே போறேன் சார்," என்று அக்கா சொன்னதும் கையை எடுத்துக்கொண்டாராம். இறங்கியதும் அவர் காகிதத்தில் கையெழுத்துப் போட்டு நீட்டினார்.

இன்று அக்கா பெரிய ஜெட் விமானத்தின் கேப்டன். தோளில் நான்கு பட்டை. அவளை மேடையேற்றிப் பலர் புகழ்ந்து நான் கேட்டிருக்கிறேன். எதுவும் அன்று திடலில் கேட்டதற்கு ஈடாகவில்லை. விமானத்தை நிறுத்த உதவிய கிழட்டு மெக்கானிக் ஒருவர், நாங்கள் யாரென்று தெரியாமல், "பார்த்தீர்களா, எப்படி இறக்கினாள்! யார் வீட்டுப் பெண்ணோ!" என்று வங்காள மொழியில் வியந்தார். கல்கத்தாவுக்கு வாழ்க்கைப்பட்டு வந்து இருபத்தைந்து வருடமாகியும் காய்கறிக்காரனிடம்கூடச் சைகையிலேயே பேசிவந்த அம்மா, புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு ஓரடி முன்னால் போனாள்.

"ஆமார்," என்றாள், திடல் முழுக்கக் கேட்கும்படி. "ஆமார் மேயே." என் பெண்.